மறைத்த இருபத்தொரு படங்கள்

எந்தப் பக்கத்திலும் வைக்காத ஒரு படம், விலாசம் தெரிந்த யாரும் எடுத்துப் பார்க்கக்கூடிய இடத்தில் ஐந்து நாள் கிடந்தது என்றால், அதைக் காட்டியதாகச் சொல்வதா, காட்டவில்லை என்று சொல்வதா? இரண்டு வருஷமாக யோசிக்கிறேன். பாத்திரம் கழுவும்போதும் யோசிக்கிறேன். எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. என் மகளின் படங்களை இணையத்தில் ஆல்பமாகப் போட்ட கதை இது. அதில் எனக்குப் பெருமை உண்டு. என் வாயால் சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தாலும், உண்டு. ஆனால் அந்தப் பெருமையை எழுத உட்கார்ந்தால் அந்த ஐந்து நாள்தான் முதலில் வந்து நிற்கிறது.

எனக்குப் பிறந்த வீடு அரியலூர். கணிதத்தில் பட்டம் வாங்கியபிறகு, சிமெண்ட் லாரிகள் ஓயாமல் போகும் சாலையில் ஒரு மாடியறையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தேன். பிறகு லப்பைக்குடிக்காட்டுக்கு மருமகளாக வந்தேன். இங்கே பல வீடுகளில் ஆண்கள் வளைகுடாவில் இருப்பார்கள். என் கணவருக்கு அங்கே ஒரு பெரிய கடையின் கிடங்கில் வேலை. கல்யாணத்துக்கு வந்தவர், புது விசாவுக்குக் காத்திருந்து கிளம்பியபோது நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. மகள் பிறந்ததை அவர் ஃபோனில்தான் கேட்டார். அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து. அதற்குள் அவள் குப்புற விழுவாள், தவழ்வாள், பல் முளைக்கும், நடப்பாள். எல்லாமே அவர் பார்க்காமல் நடந்து முடிந்திருக்கும்.

ஊருக்கு வந்த ஒரு நண்பரிடம் அவர் டிஜிட்டல் கேமரா ஒன்று கொடுத்தனுப்பினார். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது, இணையம் இல்லை. முதலில் பெரம்பலூர் போய், பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டரில் மின்னஞ்சலில் படங்களை அனுப்பினேன். அவர் தங்கியிருந்த கேம்பில் முப்பது பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். ஒரு படம் நெற்றியில் தொடங்கி மூக்கு வரை இறங்குவதற்குள் பின்னால் ஆள் வந்து நின்றுவிடுமாம். "நம்ம புள்ளையோட வாயை நான் இன்னும் பார்க்கலம்மா" என்றார் ஒரு வெள்ளிக்கிழமை. அவருக்கு லீவு வெள்ளி, அன்றுதான் பேசுவார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு இலவசமாக வந்த சிடியில், இணையப் பக்கங்கள் செய்யும் மென்பொருள் ஒன்று இருந்தது. அதில் படங்களை ஆல்பமாகச் செய்யவும் வழி இருந்தது. யாரும் சொல்லித்தரவில்லை. மகள் தூங்கும் மதியங்களில் நானே திறந்து, தப்பாக அழுத்தி, மறுபடி திறந்து கற்றுக்கொண்டேன்.

ஆனால் போடுவதற்கு முன் மாமியிடம், அதாவது என் மாமியாரிடம், அனுமதி வாங்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் எப்போதுமே இரண்டு ஆல்பங்கள் உண்டு. ஒன்று கூடத்து மேசையில் இருக்கும், யார் வந்தாலும் புரட்டலாம். மற்றது மாமியின் பீரோவில், சாவிக்குப் பின்னால். அதில்தான் நிக்காஹ் வீட்டில் பெண்கள் பகுதியில் எடுத்த படங்கள். பெண் விருந்தாளிகள் வந்தால் மாமியே எடுத்து வந்து, தன் கையில் வைத்துக்கொண்டே காட்டுவார், திரும்பப் பூட்டுவார். அப்படிப்பட்டவரிடம் போய், உலகமே பார்க்கக்கூடிய இடத்தில் பேத்தியின் படத்தைப் போடப்போகிறேன் என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

"பச்சப் புள்ள படத்தைப் போடு, ஒன்னும் சொல்லல" என்றார். "பொம்பளைங்க மூஞ்சி ஒன்னுகூடப் போவக்கூடாது. போச்சுன்னா அன்னையோட எல்லாத்தையும் நிறுத்திடணும்."

சரி மாமி என்றேன். என் கணவருக்கும் மகளுக்கும் நடுவில் இருந்த ஒரே ஜன்னல் அந்த ஒரு வார்த்தையில் நின்றது.

அந்த மென்பொருள் வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒரு ஃபோல்டரில் படங்களைப் போட்டுக் கொடுத்தால், அதை ஓர் ஆல்பமாக எடுத்துக்கொள்ளும். பிறகு தானாக உள்ளே தனித்தனி ஃபோல்டர்கள் கட்டும். ஒன்றில் நகத்தளவு சின்னப் படங்கள். ஒன்றில் திரைக்குப் பொருந்தும் நடுத்தரப் படங்கள். நாம் விரும்பினால், மூன்றாவதில் கேமராவிலிருந்து வந்த அசல் படங்கள். இவற்றுக்கெல்லாம் மேலே முதல் பக்கம். அதில் சின்னப் படங்கள் வரிசையாக நிற்கும். ஒன்றை அழுத்தினால் நடுத்தரப் படம் திறக்கும். கேம்பில் அவர் சின்னப் படங்களை ஒரே மூச்சில் பார்த்துவிட்டு, வேண்டியதை மட்டும் பெரிதாக்கிக்கொள்ளலாம். முழு ஃபோல்டரையும் பென் டிரைவில் ஏற்றி, பெரம்பலூர் போய், அப்படியே இணையத்தில் எடுத்திருந்த இலவச இடத்தின் சர்வரில் ஏற்ற வேண்டும். உள்ளே எதையும் இடம் மாற்றக்கூடாது. மாற்றினால் பக்கம் தன் படத்தைத் தேடிக் காணாமல் வெறும் கட்டத்தைக் காட்டும். ஒழுங்காக வைத்தால் ஒழுங்காக நடக்கும் ஒரு பொருள் என் கையில் இருந்தது எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று சொல்ல முடியாது.

முதல் தடவையே ஒரு கூத்து நடந்தது. மாமி பேத்தியின் வயதைப் பிறைக் கணக்கில்தான் சொல்வார். ரஜப் மாதம் பிறந்தாள், துல்ஹஜ்ஜில் குப்புற விழுந்தாள், இப்படி. நானும் மாதத்துக்கு ஓர் ஆல்பமாக அந்தப் பெயர்களையே ஆங்கில எழுத்தில் ஃபோல்டர்களுக்கு வைத்தேன். மென்பொருளுக்குப் பிறை தெரியாது. அகர வரிசையில் துல்ஹஜ்ஜை முதலிலும், ரஜபை நடுவிலும் அடுக்கிவிட்டது. "நம்ம புள்ள குப்புற விழுந்துட்டு அப்புறமாத்தான் பொறக்குது" என்று அவர் ஃபோனில் சிரித்தார். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் எண் போட்டுச் சரிசெய்தேன். ஆனால் அன்று அவர் மகளின் வாயையும் பார்த்திருந்தார். கீழ் உதடு தன்னுடையது என்று சொன்னார். என்னுடையது என்றுதான் நான் நினைத்திருந்தேன், வாதாடவில்லை.

மகளுக்குப் பத்து மாதம் நடக்கும்போது என் நாத்தனாரின் நிக்காஹ். என் கணவருக்கு அவள் ஒரே தங்கை. லீவு கிடைக்கவில்லை. பெண்கள் பகுதியில் ஆண் புகைப்படக்காரர் வர முடியாது என்பதால் என் கேமராதான் அங்கே ஓடியது. அறுபத்து நான்கு படங்கள். என் மகள் மணப்பெண் மடியில், மகள் பூவைப் பிய்த்து வாயில் வைக்கிறாள், மகள் தூங்குகிறாள். கூடவே நாத்தனார் தலையில் முக்காடு இல்லாமல் நகையோடு, அவள் தோழிகள், மாமி, நான்.

எல்லாவற்றையும் மென்பொருளில் ஏற்றி, ஒவ்வொன்றாகப் பார்த்து, பெண்கள் முகம் தெரியும் இருபத்தொரு படங்களைத் தேர்ந்து மறைக்கச் சொல்லும் 'ஹைட்' என்ற கட்டத்தில் டிக் செய்தேன். உடனே அவை ஆல்பத்திலிருந்து காணாமல் போயின. இரண்டு முறை சரிபார்த்தேன். மூன்றாம் முறையும் பார்த்தேன். மீதி நாற்பத்து மூன்றில் மகளும் பந்தலும் சாப்பாட்டுப் பந்தியும் மட்டுமே. வேண்டிய படத்தை அவர் அங்கே பிரிண்ட் போட்டுக்கொள்ளட்டும் என்று, அசல் படங்களையும் சேர் என்ற இன்னொரு கட்டத்திலும் டிக் செய்தேன். அதற்கு முன்னால் ஒருபோதும் அதைத் தொட்டதில்லை. சனிக்கிழமை பெரம்பலூர் போய் ஏற்றினேன்.

புதன்கிழமை மதியம் ஃபோன் அடித்தது. அவர் புதன்கிழமை பேசுகிறவரே இல்லை.

"பதறாத. ஒன்னு கேக்குறேன். ஆல்பத்துல தங்கச்சி படம் போட்டியா?"

"இல்ல மச்சான். எல்லாத்தையும் மறைச்சுட்டேன்."

"நீ மறைச்சது பூரா எனக்குத் தெரியுதே."

நடந்தது இதுதான். மகள் பூவைத் தின்னும் படத்தைப் பெரிதாக எடுக்க விரும்பியிருக்கிறார். அசல் படத்தைத் திறந்தவர், மேலே விலாசத்தின் கடைசிப் பகுதியை அழித்துப் பார்த்திருக்கிறார், சும்மா ஓர் ஆர்வத்தில். பக்கத்துக்குப் பதில் ஒரு பட்டியல் வந்திருக்கிறது. அந்த ஃபோல்டரில் இருந்த அத்தனை கோப்புகளின் பெயர்களும். ஒன்றை அழுத்தினால் அவர் தங்கை. நல்லவேளையாகப் பின்னால் யாரும் இல்லையாம்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. டிக் செய்த படங்களை அந்த மென்பொருள் பக்கத்தில் காட்டாதே தவிர, ஃபோல்டரிலிருந்து எடுத்துவிடாது. அசல்களைச் சேர் என்றதும் அறுபத்து நான்கையும் சேர்த்துக்கொண்டது. அந்த ஃபோல்டருக்கு என்று தனிப் பக்கம் இல்லாததால், வந்து கேட்டவருக்கு உள்ளே இருப்பதையெல்லாம் சர்வர் வரிசையாகச் சொல்லிவிட்டது. அது பொய் சொல்லவில்லை. நான்தான் பார்வையிலிருந்து போனதை இடத்தைவிட்டே போனதாக நினைத்துவிட்டேன்.

"எடுத்துடு. அம்மாகிட்ட சொல்லிக்கிட்டு இருக்காத" என்று வைத்துவிட்டார்.

மகளுக்குக் காய்ச்சல் மருந்து வாங்க வேண்டும் என்று மாமியிடம் சொல்லிவிட்டு அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அந்தப் பொய்யும் இன்னும் உறுத்துகிறது. சென்டரில் இடுப்பு உயரத் தடுப்புகள்தான். கோப்புகளின் பெயர்கள் எல்லாம் கேமரா போட்ட எண்கள். எந்த எண் நாத்தனார், எந்த எண் பந்தல் என்று திறந்து பார்க்காமல் தெரியாது, திறந்தால் பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரியும். ஆக, அசல் ஃபோல்டரையே மொத்தமாக அழித்தேன். ஒவ்வொரு கோப்பாகக் கழிந்துகொண்டே வந்தது. மகள் என் முக்காட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அறுபத்து நான்கும் போனதும், அதே விலாசத்தைத் தட்டிப் பார்த்தேன். இல்லை என்று வந்தது. பிறகு மிச்சமிருந்த ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் எதுவும் எழுதாத ஒரு முகப்புப் பக்கத்தை வைத்தேன். இனி யார் விலாசத்தை அழித்துப் பார்த்தாலும் பட்டியல் வராது, வெள்ளைத் திரைதான் வரும்.

இதை நானே யோசித்துச் செய்தேன். ஆறு மாத வகுப்பில் இது இல்லை. திரும்பும் பஸ்ஸில் பயத்தோடு பயமாக, இதையும் நினைத்துக்கொண்டேன்.

சொல்லாதே என்றார் அவர். ஆனால் படம் அவருடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, மாடியில் துணி எடுக்கும் சாக்கில் அவளைக் கூட்டிப் போய்ச் சொன்னேன். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் மச்சி என்பார்கள்.

"எந்தப் படம் மச்சி?"

"இருபத்தொன்னும்."

"நான் வாய் நெறைய பிரியாணிய வச்சிக்கிட்டு முழிச்சனே, அதுவுமா?"

"அதுவும்தான்."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கையில் இருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். தன் கணவரிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். "அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும் மச்சி. என் வாயால வந்தா கோள் சொன்ன மாரி ஆயிடும்."

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு மாமியிடம் சொன்னேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். தெரிந்துகொள்ள வழி உண்டா என்று கேட்டார். நாங்கள் எடுத்திருந்த இலவச இடத்தில் அதற்கு வழி இல்லை. அதையும் சொன்னேன்.

"தெரியாது தெரியாதுன்னு சொல்லவா இவ்வளவு படிச்ச?" என்றார். குரல் உயரவில்லை. "நிறுத்திடு."

நிறுத்தினேன். இருந்த ஆல்பங்களையும் அடுத்த முறை பெரம்பலூர் போனபோது இறக்கிவிட்டேன். அவர் ஃபோனில் என்னைத் திட்டவில்லை, தாயையும் குறை சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பல் எத்தனை என்று மட்டும் கேட்பார். நான்கு என்பேன். மேலேயா கீழேயா என்பார். மகள் ரிசீவரில் மூச்சு விடுவாள்.

ஆல்பம் நாற்பது நாள் நின்றிருந்தது, அந்த நாற்பது நாளும் நான் படம் எடுப்பதை விடவில்லை. ஏன் சொல்லிவிட்டோம், அவர் பேச்சைக் கேட்டிருக்கலாமோ என்று தினமும் தோன்றியது. அதோடு வேலையும் செய்தேன். கம்ப்யூட்டரில் 'வெளி', 'உள்' என்று இரண்டு ஃபோல்டர்கள் கட்டினேன். கேமராவில் இருந்து வருவது எல்லாம் முதலில் 'உள்' போகும். அங்கே பார்த்து, தகுந்ததை மட்டும் 'வெளி'க்கு நகல் எடுப்பேன். மென்பொருளுக்கு 'வெளி' மட்டும்தான் காட்டப்படும். மறைக்கும் கட்டத்தை இனித் தொடுவதே இல்லை. அதன் கைக்கு வராத ஒன்றை அது எப்படித் தெரியாமல் கொடுக்கும்? பழைய ஆல்பங்கள் அத்தனையையும் இப்படியே புதிதாகச் செய்து, ஏற்றாமல் வைத்திருந்தேன்.

ஒரு முற்பகல் நான் துவைத்துக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து மாமி கூப்பிட்டார்.

"ஏ புள்ள, அந்தக் கேமராவை எடுத்துக்கிட்டு ஓடியா. நடக்குது."

சோப்புக் கையோடு ஓடினேன். மகள் கட்டில் காலை விட்டுவிட்டு, மாமி நீட்டிய கைகளை நோக்கி நான்கு அடி வைத்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்து மூன்று அடி. மூன்று படங்கள் எடுத்தேன். மிக நல்ல படத்தில் மாமியின் பாதி முகமும் விழுந்துவிட்டது. ஓரத்தை வெட்டிவிடலாம் மாமி, உங்கள் கை மட்டும் இருக்கும் என்று சொன்னேன், கேட்காமலே.

மாமி கேமராவின் சின்னத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வெட்டுனா, வெட்டுன துண்டு எங்க போவும்?"

நான் அசந்துபோனேன். இதைத்தான் நான் அந்தச் சனிக்கிழமைக்கு முன் கேட்டிருக்க வேண்டும். அவரைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்தேன். முழுப் படம் 'உள்'ளில் இருப்பதைக் காட்டினேன். அதை நகல் எடுத்து, நகலில் ஓரத்தை வெட்டி, வெட்டியதை மட்டும் 'வெளி'யில் வைத்தேன். ஆல்பம் செய்யவைத்தேன். பிறகு பென் டிரைவில் ஏற்றி, அதில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரையும் அவர் கண் முன்னால் திறந்தேன். சின்னப் படத்தில் அவர் கை. நடுத்தரப் படத்தில் அவர் கை. வேறெங்கும் அவர் இல்லை.

"அப்ப போடு" என்றார். எழுந்து போகும்போது, "புள்ள நடக்குறத அவன் பார்க்கட்டும்" என்றார்.

மறுநாளே போட்டேன். அந்தப் படத்தைக் கேம்பில் பிரிண்ட் எடுத்துக் கட்டிலுக்கு மேல் ஒட்டியதாக அவர் சொன்னார்.

அதற்குப் பின் நிற்கவே இல்லை. தெருவில் மற்றப் பெண்களும் வந்தார்கள். கேமராவோடு, சிடியோடு, தங்கள் மகன்களும் மகள்களும் இருந்த படங்களோடு. பதினோரு வீடுகளுக்கு ஆல்பம் செய்து கொடுத்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு 'வெளி', ஒரு 'உள்'. 'உள்'ளைத் தனி சிடியில் எழுதி அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு, என் கம்ப்யூட்டரில் அழித்துவிடுவேன். புதிதாக வருகிறவர்களிடம் மாமியே முந்திக்கொண்டு, "எங்க மருமவகிட்ட கொடுத்தா வெளிய போவாது" என்பார். அதை அடுப்படியில் இருந்து கேட்கும்போது, நான் அவசரமாக எதையாவது கிளறத் தொடங்கிவிடுவேன்.

கணவர் லீவில் வந்தபோது மகளுக்கு இரண்டு வயதாக ஒரு மாதம் இருந்தது. திருச்சி விமான நிலையத்தில் அவள் அவரிடம் போகவில்லை, என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் அவசரப்படவில்லை. காரில் வரும்போது அவளுடைய இடது முழங்காலை மெல்லத் தொட்டு, "ரஞ்சன்குடி கோட்டையில விழுந்தது இதுதானே" என்றார். அந்தத் தழும்பு அரிசி அளவுதான் இருக்கும், அதையும் அவர் ஆல்பத்தில் பார்த்து வைத்திருந்தார். மகள் குனிந்து தன் முழங்காலைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். குன்னம் தாண்டுவதற்குள் அவர் மடிக்குப் போய்விட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வந்தேன்.

இப்போது அவளுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. முப்பதுக்கு மேல் ஆல்பங்கள் அவள் முகத்தோடு இணையத்தில் இருக்கின்றன. அவள் பெயர் எங்கும் இல்லை. விலாசத்தைச் சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான் கொடுத்திருக்கிறேன். ஆனால் அவர்கள் யாருக்குக் கொடுத்தார்கள் என்று நான் எப்படிச் சொல்ல? பச்சைக் குழந்தை என்றுதான் மாமி அனுமதித்தார். போன வாரம் அவளுக்குச் சின்ன முக்காடு ஒன்று தைத்துப் போட்டு அழகு பார்த்தவர், "இனிமே இவளும் உள்ளதான்" என்றார். பத்து வயது வரை இருக்கட்டும், அப்போது அவளையே கேட்கலாம் என்கிறார் கணவர். அவர் மறுபடி வளைகுடாவில் இருக்கிறார். அவருக்கு அந்த ஆல்பம் வேண்டும். எனக்கும்தான் வேண்டும், அது நான் செய்தது. ஆனால் பத்து வயதில் அவள் வேண்டாம் என்றால், அதுவரை போனதை எல்லாம் நான் எப்படித் திரும்ப வாங்குவேன்? இப்போதே எடுத்துவிட்டால், அவள் அப்பா அவளை எப்படிப் பார்ப்பார்?

இதே மாதிரி பிள்ளைகளின் படங்களை இணையத்தில் வைத்திருக்கும் அம்மாக்கள் இதைப் படித்தால், உங்கள் மகளை எந்த வயதில் 'வெளி'யிலிருந்து 'உள்'ளுக்கு மாற்றினீர்கள், அவளைக் கேட்டீர்களா, கேட்காமல் மாற்றினீர்களா, பிறகு அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள். மாற்றவே இல்லை என்றாலும் எழுதுங்கள். மாமியிடம் ஒரு மாதம் அவகாசம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.